வாய்க்கட்டு

பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி, மடிப்புக் கலையாத கைக்குட்டை. மருத்துவமனையில் கொடுத்த காகிதப் பையில் அவ்வளவுதான் இருந்தது. மறுபடியும் உள்ளே கையை விட்டுத் துழாவினாள். பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று விரலில் தட்டுப்பட்டது. பல்செட் மட்டும் இல்லை.

“என்னம்மா தேடுற?” என்றாள் மகள். இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்தே வந்து, விடிந்த பிறகு அப்பாவைப் பிணவறையில் பார்த்தவள். ஒரு அழுகை முடிந்து அடுத்ததற்கு நடுவில் இருந்தாள்.

“அப்பாவோட பல்லு.”

“அப்பாவுக்கு ஏதும்மா பல்செட்டு?”

“மேல நாலு. முன்பல்லு. யார்கிட்டயும் சொல்லிடாத.”

மகள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். துக்கத்தில் சிலருக்குப் புத்தி இப்படிச் சில்லறை விஷயத்தில் போய் மாட்டிக்கொள்ளும் என்று நினைத்திருப்பாள். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். மாலையில் அவர் டிரம்பெட் ஊதிய ரயில் பணிமனையின் பேண்டு மொத்தமும் அஞ்சலிக் கூடத்துக்கு வந்து நிற்கும். அதற்குள் அவர் வாயில் பல் இருந்தாக வேண்டும். அந்தக் காலையில் அவள் தலைக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

முந்தின நாள் சாயங்காலம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட நினைவு இருந்தது. அவசரப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். விடுவதற்கு முன்னால் பல்லைக் கழற்றியிருக்கிறார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் பார்த்தபோது தாடையிலிருந்து உச்சந்தலை வரை வெள்ளைத் துணியால் இழுத்துக் கட்டியிருந்தது. மேலுதடு உள்ளே விழுந்து, மூக்கு நீண்டு, வேறு யார் வீட்டுப் பெரியவரோ இடம் மாறி இங்கே வந்து படுத்துவிட்டதுபோல இருந்தது.

பிணவறை ஊழியர் அவள் கை அந்தத் துணியை நோக்கிப் போவதைப் பார்த்து, “வாய்க்கட்ட இப்ப அவுக்க வேணாம்மா, கொஞ்ச நேரம் இருக்கட்டும்” என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அதன் பிறகுதான் அழுகை வந்தது.

பேண்டில் வாய்க்கட்டு என்றால் வேறு. டிரம்பெட் ஊதுகிறவன் உதட்டை வைத்துக்கொள்ளும் விதத்துக்கு அங்கே அந்தப் பெயர். வாயின் இரண்டு ஓரமும் இறுக்கமாக இருக்க வேண்டும், நடுவில் மட்டும் தளர்வாக விட வேண்டும், அந்தத் தளர்ந்த இடம் அதிர்ந்தால்தான் சத்தம். புதிதாகச் சேருகிறவன் வருஷக்கணக்கில் பாடுபடுவது அதற்குத்தான். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை பார்த்த டாக்டர், “இனிமே வாயக் கட்டணும்” என்று கண்டிப்பாகச் சொன்னபோது, “அதத்தான டாக்டர் முப்பது வருஷமா பண்ணிட்டிருக்கேன்” என்றார் இவர். டாக்டருக்கு விளங்கவில்லை. மாடிப்படி இறங்கும் வரை இவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பகலில் அவர் பணிமனையில் பெயின்ட் அடிப்பவர். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பேண்டின் முதல் டிரம்பெட். எந்த உருப்படியானாலும் மெட்டு அவரிடம்தான் வரும், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். அந்த இடத்தில் முன்பு இருந்தவர் இப்போது பெரிய டிரம் அடிக்கிறார். பல் போனதும் அவரை பேண்டு மாஸ்டர் டிரம்முக்கு மாற்றினார். இவர் அந்த வாரம் வீட்டுக்கு வந்ததும், பல்லுப் போன ஆளுக்கு மத்தளமாம் என்று கையால் வயிற்றைத் தட்டி நடித்துக் காட்டினார். மகள் அப்போது சின்னவள், விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படிச் சிரித்து நடித்துக் காட்டிய ஆளுக்குத்தான் பிற்பாடு ஈறு வீங்கி, மேல்வரிசையில் நான்கு பல் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தது.

பல் கட்டின அன்று அவர் சாப்பிடவில்லை. கண்ணாடியின் முன் நின்று உதட்டைக் குவிப்பதும் விடுவதுமாக இருந்தார். யாருக்கும் தெரியக் கூடாது என்றார். அவள் சரி என்றாள். வேலைக்கு உடனே போய்விட்டார். ஊதுவதற்கு மட்டும், குடலிறக்கம் வந்திருக்கிறது, மூச்சுப் பிடிக்கக் கூடாது என்று மாஸ்டரிடம் சொல்லி ஆறு மாசம் அவகாசம் வாங்கினார். அந்தப் பொய்யை யோசித்துக் கொடுத்ததே அவள்தான். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மகளைப் பிணவறை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவசரப் பிரிவுக்கு ஏறினாள். இரவு இருந்த நர்சுகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். காலையில் வந்தவள் மரியாதையாகத்தான் பேசினாள். தள்ளுவண்டி, அலமாரி, கழுவி அடுக்கிய பாத்திரங்கள் எல்லாம் பார்த்தாள். குப்பை விடியற்காலையிலேயே போய்விடுமே அம்மா என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதற்கு மேல் அங்கே நின்று யாரைக் கேட்பது?

படி இறங்கும்போது பழைய செட் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போனாள். முகம் மழிக்கிற சாமான்களுக்குப் பின்னால், துருப்பிடித்த சோப்பு டப்பாவுக்குள் அது இருந்தது. முதலில் கட்டின செட். ஒரு பல் மற்றதைவிடச் சற்று நீளம். அதைப் போட்டுக்கொண்டு பேசினால் ‘ச’ வருகிற இடத்திலெல்லாம் மெல்லியதாக ஒரு விசில் வரும். ஒரு வருஷம் அதை வைத்து ஒப்பேற்றி, பிறகு வேறு நல்லதாகச் செய்துகொண்டார். தூக்கிப் போடுங்கள் என்று அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். இருக்கட்டும் என்பார். இருந்தது நல்லதாகப் போயிற்று.

அந்தக் குளியலறையில்தான் அவர் மறுபடியும் முதலிலிருந்து ஊதக் கற்றுக்கொண்டார். விடியற்காலையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, டிரம்பெட் இல்லாமல், அதன் முனையில் மாட்டுகிற மவுத்பீஸை மட்டும் வாயில் வைத்து ஊதுவார். வெளியே கேட்டால் ஒரு பெரிய ஈ பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்டு சுற்றுவதுபோல இருக்கும். முதல் மாதம் அந்த ஈகூடச் சரியாகச் சுற்றவில்லை. காற்று ஒழுகியது. அவரிடம் அதுவரை இருந்த மவுத்பீஸின் விளிம்பு மெல்லியது, கிண்ணம் ஆழமில்லாதது. உயரமாக ஊத அது தோது, சத்தம் பளிச்சென்று வெட்டும். ஆனால் அந்த மெல்லிய விளிம்பு உதட்டை அழுத்தினதும் பின்னால் பல்செட் நகர்ந்துவிடும். கதவுக்கு நிலை எப்படியோ அப்படித்தான் உதட்டுக்குப் பல் என்பார். நிலை ஆடினால் கதவு எப்படிச் சாத்தும்?

பேண்டில் இரண்டாவது டிரம்பெட் ஊதுகிறவர் பணிமனையில் லேத் ஓட்டுபவர். எல்லோரும் அவரை லேத் என்றே கூப்பிடுவார்கள். அவர் பெண்டாட்டியே அப்படிக் கூப்பிடுவதாகக் கேலி உண்டு. உதடு தடித்துவிட்டது என்று ஏதோ சாக்குச் சொல்லி, விளிம்பு அகலமாகவும் கிண்ணம் ஆழமாகவும் ஒரு மவுத்பீஸை அவரிடம் கடைந்து வாங்கி வந்தார். அகல விளிம்பில் அழுத்தம் பரவி நின்றது, பல் நகரவில்லை. அதற்காக மவுத்பீஸ் மட்டும் வந்தால் போதுமா? முப்பது வருஷம் ஒரு வட்டத்துக்குப் பழகின உதடு இன்னொரு வட்டத்துக்குப் பழக வேண்டும். சின்னப் பையன்கள் மாதிரி ஒரே சுரத்தை மூச்சு முட்டும் வரை பிடித்துப் பிடித்துப் பழகினார். இரண்டாம் மாதம் ஈ ஒழுங்காகச் சுற்றியது. நான்காம் மாதம் அது பாட ஆரம்பித்தது.

சத்தம் மாறிவிட்டது என்பதை முதலில் சொன்னது அவள்தான். அவளிடம் காதைப் பற்றிப் பேசி யாரும் ஜெயிக்க முடியாது. விருப்ப ஓய்வு வாங்கும் வரை தொலைபேசி நிலையத்தில் இருந்தவள். ‘ஹலோ’வில் முதல் எழுத்துக்குள் ஆளைச் சொல்லிவிடுவாள். நூறு டிரம்பெட் ஊதட்டும், என் வீட்டுக்காரர் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொல்வாள். அது வெறும் வாய்ச்சவடால் இல்லை, நிஜமும்கூட. பழைய சத்தத்தில் ஒரு கூர்மை இருந்தது. புதியதில் அது போய், வயதான ஒரு நல்ல குரல் மாதிரி அகலமும் இருட்டும் வந்திருந்தது. அவர் பயந்துபோனார், எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று. அவள், முன்னைவிட இதுதான் நன்றாக இருக்கிறது, கேட்டால் பக்குவம் என்று சொல்லுங்கள் என்றாள்.

அவளுக்கு ஒரே கவலை விளக்கு மெட்டைப் பற்றித்தான். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் பேண்டு கடைசியாக வாசிக்கும் உருப்படி அது. அது நடக்கும்போதுதான் பூங்காவின் விளக்குகளைப் போடுவார்கள், அதனால் அந்தப் பெயர். மெதுவாக நடந்து நடந்து, முடிவில் ஏறி, உச்சத்தில் மூன்று சுரங்கள். அந்த மூன்றுக்காகத்தான் பாதி ஊர் காத்திருக்கும். அகலமான, ஆழமான மவுத்பீஸில் மேலே போவது கஷ்டம். அது அவளுக்குத் தெரியும்.

ஆறு மாசம் கழித்து அவர் மேடையேறின முதல் ஞாயிறு, நீரூற்றுப் பக்கத்து பெஞ்சில் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். தொலைபேசி நிலையத்துப் பழக்கம் அது, கண் திறந்திருந்தால் காது பாதிதான் கேட்கும் என்பாள். மெட்டு ஏறியது. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். மூன்று சுரமும் ஒன்றன்பின் ஒன்றாக, அகலமாக, இருட்டாக, ஒரு பிசிறும் இல்லாமல் வந்தன. வீட்டுக்கு நடக்கும்போது, “மேல போயிட்டீங்களே” என்றாள். அவர், “ம்” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே பாதையில் அதே பேச்சு. “இன்னைக்கும் மேல போயிட்டீங்க.” “ம்.” தற்பெருமை இல்லாத மனுஷன் என்று நினைத்துக்கொள்வாள்.

டிரம்பெட்டையும் எடுத்து வரும்படி மாஸ்டர் போனில் சொல்லியிருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தாள். மவுத்பீஸ் அதற்கான குழியில் கிடந்தது. குளிர்காலத்தில் ஊதுவதற்கு முன் அதை அவளிடம் கொடுப்பார், உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித் தருவாள். சில்லென்ற மவுத்பீஸை உதடு ஏற்றுக்கொள்ளாது. பெட்டியை மூடும்போது அதை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று யோசிக்கவில்லை.

பிணவறை ஊழியர் பொறுமையான மனுஷர். சோப்பு டப்பாவை வாங்கி, பல்லைக் கழுவி, வாய்க்கட்டை அவிழ்த்தார். இறுகிப்போன தாடையை இரண்டு கட்டைவிரலாலும் நீவி நீவித் தளர்த்தி செட்டைப் பொருத்தினார். மேலுதடு எழும்பியது. மூக்கு சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தது. ஊழியர் வாயின் இரண்டு ஓரங்களையும் லேசாக மேலே தூக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். முகத்தில் ஒரு புன்சிரிப்பு வந்திருந்தது.

எல்லாருக்கும் இப்படித்தான் வைப்பேன், வீட்டு ஆளுங்களுக்குப் பிடிக்கும் என்றார்.

“இது அவர் வாய் இல்லைங்க” என்றாள் அவள்.

எப்படி வேண்டும் என்று அவர் கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓரத்த இறுக்கணும், நடுவுல விட்டுடணும் என்றாள். அவருக்குப் புரியவில்லை. கடைசியில் தன் வாயாலேயே செய்து காட்டினாள். ஊதத் தெரியாதவள்தான். ஆனாலும் எத்தனை வருஷம் வீட்டில் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்? இரண்டு ஓரமும் சின்னதாக உள்ளே இழுபட்டன, நடு உதடு சும்மா இருந்தது. ஊழியர் அவள் வாயைப் பார்ப்பதும் அவர் வாயைத் தொடுவதுமாகக் கொஞ்ச நேரம் வேலை செய்தார். சுவரோரம் நின்றிருந்த மகள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்பா” என்றாள் மெதுவாக. அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கு அவர் அப்பாவாகத் தெரிந்தார்.

மேலுதட்டில் மவுத்பீஸின் வட்டத் தழும்பு அரைநிலாவாகத் தெரிந்தது. கொஞ்சம் பவுடர் போட்டால் மறைந்துவிடும் என்றார் ஊழியர். வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

மூன்று மணிக்கு அவரை அஞ்சலிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். உறவு, அக்கம்பக்கம், பெயின்ட் பிரிவு ஆட்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டு, தூங்குற மாதிரியே இருக்கார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் வாயை உற்றுப் பார்க்கவில்லை. அவளுக்கு உடம்பு லேசாயிற்று. இனி பேண்டு ஒன்றுதான் பாக்கி.

அவர்கள் கருநீலச் சீருடையில் வரிசையாக வந்தார்கள். பெரிய டிரம் வாசலில் இடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி உள்ளே நுழைந்தது. அவள் தலைமாட்டில் போய் நின்றுகொண்டாள், காவல் நிற்கிறவள் மாதிரி. மாஸ்டர் குனிந்து அவர் கையைத் தொட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். முதல் டிரம்பெட்டின் பாகத்தை இன்றைக்கு யாரும் ஊத மாட்டார்கள் என்றார். அது சும்மா கிடக்கும், மற்றவர்கள் அவரவர் பாகத்தை மட்டும் வாசிப்பார்கள், அதுதான் அவர்கள் செய்கிற மரியாதை. வரிசையின் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு டிரம்பெட்டை அதன்மேல் வைத்தார்கள்.

லேத் கடைசியாக வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், விரல் நுனியெல்லாம் கறுப்பு. படுத்திருந்தவர் முகத்தையே, மேலுதடு அந்த நீளப் பல்லின் மேல் சற்றுத் தூக்கலாக நின்ற இடத்தையே, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி,

“பழைய செட்டா அண்ணி போட்டிருக்கீங்க?” என்றார்.

அவள் சட்டென்று மாஸ்டர் நின்ற பக்கம் பார்த்தாள்.

“உங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?”

கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. “குடலிறக்கம்னு சொன்ன ஆளு, வாயத் தொறந்தா விசில் அடிச்சாரு அண்ணி” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. “எல்லாருக்கும் தெரியும். யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு மாஸ்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு.”

மாஸ்டர் கையை உயர்த்தியதும் அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

விளக்கு மெட்டு ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று தெரிந்ததே தவிர, மெட்டு இல்லை. பெரிய டிரம் நடந்தது, ஆழமான குழல்கள் அதன் பின்னால் நடந்தன, மெட்டு இருக்க வேண்டிய இடம் காலியாக அவற்றோடு கூடவே நடந்தது. அவள் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் காலி இடத்தில் அவர் ஊதுவதைத் தானே போட்டுக் கேட்டுக்கொண்டு போனாள். ஒரு சுரம்கூடத் தவறவில்லை. மனசுக்குள் மெட்டு ஏறியது. இனி அந்த மூன்று. அங்கே இன்றைக்கு வெறும் மௌனம்தான் இருக்கும் என்று தன்னைத் தயார் பண்ணிக்கொண்டாள்.

அப்போது மூன்று சுரமும் வந்தன.

அகலமாக, இருட்டாக, பிசிறில்லாமல், ஒவ்வொரு ஞாயிறும் வந்தது போலவே. அவருடைய சத்தம். அவள் காது சத்தியம் பண்ணும், அது அவர்தான். கண்ணைத் திறந்தாள். நாற்காலியில் டிரம்பெட் அப்படியே கிடந்தது. அதற்குப் பக்கத்தில் லேத் தன் டிரம்பெட்டை உதட்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். அவரவர் பாகத்தை மட்டும்தான் வாசிப்பார்கள் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் அந்த மூன்றும் லேத்தின் பாகம்.

பேண்டு முடித்ததும் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. லேத் மட்டும் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவளே அவரிடம் போனாள்.

“எப்பலருந்து தம்பி?”

“மொத ஞாயித்துக்கிழமையிலருந்தே அண்ணி.”

“அவரால முடியலையா?”

“கீழ எல்லாம் அவர்தான் அண்ணி. பிரமாதமா ஊதுவாரு. மேல மட்டும் செட்டு தாங்கல.” துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “மெட்டையே கீழ்ச் சுருதிக்கு எறக்கிடலாம்னு மாஸ்டர் சொன்னாரு. அண்ணன்தான் ஒத்துக்கல. அவ கண்ண மூடிட்டு அந்த மூணுக்காகத்தான் வந்து உக்காருறா, அத மட்டும் நீ எடுத்துக்கடான்னாரு. நீங்க கண்ணத் தொறந்தாலும் தெரியாம இருக்கணும்னு வாத்தியத்த உதட்டுலயே வச்சிருப்பாரு.”

“என் காதுக்குத் தெரியாமப் போச்சே.”

“அதுக்குத்தான் பாடுபட்டது எல்லாம்” என்றார் லேத். தன் டிரம்பெட்டிலிருந்து மவுத்பீஸைக் கழற்றி நீட்டினார். அகலமான விளிம்பு, ஆழமான கிண்ணம். “ரெண்டு கடைஞ்சேன். ஒண்ணு அவருக்கு, ஒண்ணு எனக்கு. வேற எதுல ஊதினாலும் அண்ணி காது புடிச்சிடும்னாரு. இத மாட்டினா சத்தம் வந்துடும்னு நான் நெனச்சேன். எங்க வந்துச்சு? என் சத்தம்தான் வந்துச்சு. வாய் மாறணும்டா, மவுத்பீஸ் மாறி என்ன ஆகப்போகுதுன்னு சிரிச்சாரு. அப்புறம் நாலு மாசம், அவரு மேடை ஏறாதப்ப, சாப்பாட்டு நேரத்துல பெயின்ட் ஷெட்டுக்குப் பின்னாடி ரெண்டு பேரும் ஒரே சுரத்தப் புடிச்சிட்டு நிப்போம். எது யாருதுன்னு எங்களுக்கே தெரியாமப் போற வரைக்கும்.”

அவள் லேத்தின் மேலுதட்டைப் பார்த்தாள். ஊதி முடித்த சிவப்பு இன்னும் இறங்கவில்லை. வட்டத்தின் மேல்பாதி அரைநிலாவாகத் தெரிந்தது. கூடத்தின் அந்தக் கோடியில் படுத்திருந்தவரின் உதட்டிலும் அதே அளவில் அதே நிலா. பேண்டு கண்டுபிடித்துவிடுமோ என்று வருஷக்கணக்கில் அவள் பயந்திருக்கிறாள். அத்தனை பேரும் சேர்ந்து வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது அவள் ஒருத்திக்காக.

கோபம் வந்ததா என்றால், வந்தது. நடந்து நடந்து வீட்டுக்குப் போன அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் வரிசையாக வந்து நின்றன. அவள் பெருமையோடு சொன்னதும், அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு “ம்” போட்டதும். பாவி மனுஷன், ஒரு தடவையாவது ஆமாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லவில்லை. பொய் சொல்ல அவருக்கு வராது. குடலிறக்கத்தைக்கூட அவள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

வண்டி வந்துவிட்டது என்று மகள் வாசலிலிருந்து கூப்பிட்டாள். லேத் மவுத்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திட்டு வாங்கக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

“இன்னைக்கும் மேல போயிட்டீங்க” என்றாள் அவள்.

அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, “ம்” என்றார்.

அவள் நாற்காலிக்குப் போய் டிரம்பெட்டை எடுத்தாள். வீட்டில் பெட்டியைத் திறந்ததிலிருந்து மூடியே வைத்திருந்த கையை அப்போதுதான் விரித்தாள். உள்ளங்கையில் வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. மவுத்பீஸ் நன்றாகச் சூடாகியிருந்தது, எடுத்து உதட்டில் வைத்தால் போதும் என்கிற பதத்தில்.